0–3.3 வோல்ட் பல்ஸை −5 / +5 வோல்ட்டாக மாற்றுவது: ஆப்-ஆம்ப்பில் சதுரம் போய் முக்கோணம் வருகிறது

#1 துடிப்பலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மைக்ரோகன்ட்ரோலரின் டைமர் பின்னிலிருந்து 0 – 3.3 வோல்ட் பல்ஸ் எடுக்கிறேன். பல்ஸின் அகலம் 10 மைக்ரோ விநாடி. 50 மைக்ரோ விநாடிக்கு ஒன்று வரும். இதை −5 வோல்ட்டுக்கும் +5 வோல்ட்டுக்கும் இடையே ஆடும் பல்ஸாக்கி, ஒரு மீட்டர் கோஆக்ஸ் கேபிளில் இன்னொரு கருவியின் இன்புட்டுக்குக் கொடுக்க வேண்டும். அந்த இன்புட் 1 மெகா ஓம், ஆகவே கரன்ட் பெரிதாகத் தேவையில்லை.

3.3 வோல்ட் ஆட்டம் 10 வோல்ட் ஆக வேண்டும், அதனால் கெயின் (பெருக்கும் மடங்கு) 3. பிறகு 5 வோல்ட் கீழே இறக்க வேண்டும். இப்படி யோசித்து எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) ஒன்றை ±12 வோல்ட் சப்ளையில் வைத்தேன். பல்ஸ் நேரே பிளஸ் இன்புட்டுக்குப் போகிறது. அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு 20 கிலோ ஓம். மைனஸ் இன்புட்டிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக 2.5 வோல்ட். அந்த 2.5 வோல்ட்டை, 5 வோல்ட் சப்ளையிலிருந்து இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுப் பிரித்து எடுத்தேன்.

பல்ஸை மிக மெதுவாக, விநாடிக்கு ஒன்று என்று ஓட்டினால் அவுட்புட் −3.3 வோல்ட்டிலும் +4.4 வோல்ட்டிலும் நிற்கிறது. −5, +5 வரவில்லை. முழு வேகத்தில் ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம்: −3.3 வோல்ட்டில் தொடங்கி, பூஜ்ஜியத்தைத் தொடுவதற்கு முன்பே திரும்பிவிடும் முக்கோணம்தான் ஸ்கோப்பில் தெரிகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

#2 மின்தடை47 எழுதியது:

உங்களிடம் இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறு. மெதுவாக ஓட்டிப் பார்த்தது நல்ல காரியம், அதனால்தான் அவை தனித்தனியாகத் தெரிகின்றன. மட்டம் தவறுவதை முதலில் பார்ப்போம்.

5 வோல்ட்டை இரண்டு 10 கிலோ ஓமால் பிரித்தால் நடுவில் 2.5 வோல்ட் கிடைக்கும், உண்மை. ஆனால் அது வெறும் 2.5 வோல்ட் அல்ல. 5 கிலோ ஓமுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் 2.5 வோல்ட். அந்த 5 கிலோ ஓம் உங்கள் 10 கிலோ ஓமோடு தொடராகச் சேர்கிறது. ஆக கெயின் 1 + 20/15, அதாவது 2.33. கீழே இறங்கும் அளவு 2.5 × 20/15 = 3.33 வோல்ட். இன்புட் 0 என்றால் அவுட்புட் −3.33. இன்புட் 3.3 என்றால் 7.7 − 3.33 = 4.37. உங்கள் ஸ்கோப் காட்டியது இதையேதான். ஆப்-ஆம்ப் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

இனி திருத்தம். டிவைடருக்குப் பின்னால் இன்னொரு ஆப்-ஆம்ப்பை பஃபராக (மட்டத்தை மாற்றாமல் கரன்ட் மட்டும் தருவதாக) வைக்கலாம், டிஎல்431 போல ஒரு ரெஃபரன்ஸ் (நிலையான வோல்ட் தரும் ஐசி) போடலாம். இரண்டும் இல்லாமலே ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். டிவைடரின் மின்தடையை எதிரியாகப் பார்க்காமல் அதையே கெயின் ரெசிஸ்டராக வேலை வாங்குங்கள். 10 கிலோ ஓமை எடுத்துவிடுங்கள். மைனஸ் இன்புட்டிலிருந்து +5 வோல்ட்டுக்கு ஒரு 20 கிலோ ஓம், கிரவுண்டுக்கு ஒரு 20 கிலோ ஓம், அவுட்புட்டுக்கு ஒரு 20 கிலோ ஓம். மூன்றும் ஒரே மதிப்பு. அந்த முனையில் கரன்ட் கணக்குப் போட்டால் மூன்று மின்தடையும் அடிபட்டுப் போய் இவ்வளவுதான் மிஞ்சும்:

அவுட்புட் = 3 × இன்புட் − 5

0 கொடுத்தால் −5, 3.3 கொடுத்தால் +4.9. மூன்றின் மதிப்பும் சமமாக இருந்தால் போதும்; 20 ஆனாலும் 5.1 ஆனாலும் கணக்கு மாறாது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சமன்பாட்டில் வரும் 5, உங்கள் 5 வோல்ட் சப்ளையே. அதில் 50 மில்லி வோல்ட் இரைச்சல் இருந்தால் அப்படியே 50 மில்லி வோல்ட் அவுட்புட்டில் வரும். மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் 5 வோல்ட்டை நேரே இழுக்காமல், சிறிய ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போட்டு வடிகட்டி எடுங்கள். அந்த வடிகட்டி ரெசிஸ்டர் சில பத்து ஓமுக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் சமம் கெட்டுவிடும். இரைச்சலை அடக்குகிறேன் என்று மைனஸ் இன்புட் முனையில் மட்டும் கெப்பாசிட்டரை வைத்துவிடாதீர்கள். அது டிவைடரின் நடுமுனை போலத் தெரியும், ஆனால் ஃபீட்பேக் பாதையின் (அவுட்புட் மைனஸ் இன்புட்டுக்குத் திரும்பும் வழியின்) நட்ட நடு அது. அங்கே கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டர் வைத்தால் ஆப்-ஆம்ப் ஆசிலேட்டர் ஆகிவிடும், தானாகவே அலை அடிக்கும்.

#3 எதிர்முனை எழுதியது:

மட்டம் பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. முக்கோணத்துக்குக் காரணம் ஸ்லூ ரேட், அதாவது அவுட்புட் ஏறி இறங்கக்கூடிய உச்ச வேகம்.

எல்எம்358 இன் ஸ்லூ ரேட் மைக்ரோ விநாடிக்கு சுமார் 0.3 வோல்ட். உங்கள் பல்ஸ் 10 மைக்ரோ விநாடி உயரத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் அவுட்புட் ஏறக்கூடியது 3 வோல்ட். −3.3 இல் தொடங்கி −0.3 வரை ஏறுகிறது, அதற்குள் பல்ஸ் முடிந்து இறங்கத் தொடங்குகிறது. பூஜ்ஜியத்தைத் தொடவில்லை என்று நீங்கள் எழுதியது இதைத்தான். 10 வோல்ட் ஆட்டத்தை முழுதாக ஏற இந்த ஐசிக்கு 33 மைக்ரோ விநாடி தேவை.

இதற்கும் பேண்ட்விட்துக்கும் (ஐசி கையாளும் அதிர்வெண் எல்லைக்கும்) வேறுபாடு உண்டு, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பேண்ட்விட்த் குறைவு என்றால் விளிம்பு வளைந்து வட்டமாகும்; ஆட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் ஏறும் நேரம் ஒன்றே. ஸ்லூ ரேட் என்பது ஒரு கடினமான வேக வரம்பு. ஆட்டம் இரண்டு மடங்கானால் ஏறும் நேரமும் இரண்டு மடங்காகும், விளிம்பு நேர்க்கோடாகச் சாயும். ஸ்கோப்பில் விளிம்பு நேர்க்கோடா வளைவா என்று பார்த்தாலே எது காரணம் என்று சொல்லிவிடலாம்.

ஏன் இப்படி ஒரு வரம்பு? ஐசிக்குள் நிலைத்தன்மைக்காக ஒரு சிறு கெப்பாசிட்டர் வைத்திருக்கிறார்கள். இன்புட் நிலை எவ்வளவு தவித்தாலும், தன்னிடம் உள்ள மொத்த பயாஸ் கரன்ட்டுக்கு மேல் ஒரு துளியும் அதற்குள் தள்ள முடியாது. குறுகிய குழாயில் தொட்டி நிரப்புவது போலத்தான். 1968 இல் வந்த 741 ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: உள்ளே 30 பிக்கோ பாரட், கரன்ட் சுமார் 20 மைக்ரோ ஆம்பியர். வகுத்துப் பாருங்கள், மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே வரும். டேட்டாஷீட்டும் 0.5 என்றே சொல்கிறது. டிஎல்072 போன்ற ஜேஃபெட் இன்புட் ஐசிகளில் அதே பேண்ட்விட்துக்கு அதிக கரன்ட் கொடுக்க முடிகிறது, ஆகவே அங்கே மைக்ரோ விநாடிக்கு 13 வோல்ட் வரை கிடைக்கிறது.

தேர்வு செய்ய நான் வைத்திருக்கும் அளவுகோல்: விளிம்பு, பல்ஸ் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்னக் கூடாது. 10 வோல்ட் ஆட்டம், 1 மைக்ரோ விநாடி விளிம்பு, ஆக மைக்ரோ விநாடிக்கு 10 வோல்ட். டிஎல்072 தாராளமாகத் தேறும். 10 வோல்ட்டை முக்கால் மைக்ரோ விநாடியில் ஏறிவிடும். பின்னால் பல்ஸ் 1 மைக்ரோ விநாடியாகச் சுருங்கும் என்றால் டிஎல்072 போதாது. எல்எம்318 போல மைக்ரோ விநாடிக்கு 70 வோல்ட் தரும் ஐசிக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே லேஅவுட்டிலும் டீகப்ளிங்கிலும் (சப்ளை பின்னருகே கெப்பாசிட்டர் வைப்பதிலும்) இப்போது காட்டும் கவனம் போதாது.

#4 பச்சைட்ரேஸ் எழுதியது:

இவ்வளவு கணக்கு எதற்கு என்று தோன்றுகிறது. முதலில் ஆப்-ஆம்ப்பில் கெயின் 3 மட்டும் கொடுங்கள், 0 – 10 வோல்ட் வரும். அவுட்புட்டில் ஒரு கெப்பாசிட்டரைத் தொடராகப் போட்டு, அந்தப் பக்கம் கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் வைத்தால் டிசி (மாறாத சராசரி மட்டம்) போய்விடும். −5, +5 தானாகவே வந்துவிடும் அல்லவா?

#5 எதிர்முனை எழுதியது:

பல்ஸ் பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே இருந்தால் வரும். இங்கே அப்படி இல்லை. கெப்பாசிட்டர் செய்வது, அலையின் சராசரியைப் பூஜ்ஜியத்தில் உட்கார வைப்பது. 50 இல் 10 மைக்ரோ விநாடி மட்டும் உயரத்தில் இருக்கும் 10 வோல்ட் பல்ஸின் சராசரி 2 வோல்ட். ஆகவே கெப்பாசிட்டருக்கு அப்புறம் கீழ்மட்டம் −2, மேல்மட்டம் +8. பல்ஸின் இடைவெளியை நீங்கள் கூட்டினால் மட்டமும் நகரும்: நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டுமே உயரத்தில் இருந்தால் −0.1, +9.9. பல்ஸ் சிறிது நேரம் நின்று மறுபடி தொடங்கினால், தொடக்கத்தில் வரும் பல்ஸ்கள் எல்லாம் வேறு வேறு மட்டத்தில் வரும்.

கெப்பாசிட்டருக்கு அப்புறம் ஒரு டயோடு வைத்து அடிமட்டத்தைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் சர்க்யூட் உண்டு. இடைவிடாமல் ஓடும் பல்ஸுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். டயோடின் 0.6 வோல்ட்டையும் அது வெப்பத்தோடு மாறுவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும், ஆர்சி காலம் (ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர்) பல்ஸ் இடைவெளியைவிடப் பல மடங்கு நீளமாக இருக்க வேண்டும். மைக்ரோகன்ட்ரோலர் பல்ஸுக்கு டிசி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. கையில் இருப்பதைத் தொலைத்துவிட்டு மறுபடி தேடுவானேன்?

#6 பச்சைட்ரேஸ் எழுதியது:

நான் 50 சதவீத பல்ஸை மட்டுமே மனதில் வைத்திருந்தேன். −2, +8 கணக்கு தெளிவாக இருக்கிறது, நன்றி.

#7 சுவிட்ச்சாவி எழுதியது:

நான் வேற பக்கத்துலேர்ந்து கேக்குறேன். உங்களுக்கு ரெண்டே ரெண்டு மட்டம்தான் வேணும்னா ஆப்-ஆம்ப் எதுக்கு? அது லீனியர் வேலைக்குப் பொறந்தது. கெயின் 3 வச்சீங்கன்னா இன்புட்ல இருக்குற தப்பும் மூணு மடங்கு ஆகும். 3.3 வோல்ட் சப்ளை அஞ்சு சதவீதம் முன்னப் பின்ன இருந்தா அது 0.165 வோல்ட். அவுட்புட்ல அதுவே அரை வோல்ட்.

அனலாக் சுவிட்ச் (லாஜிக் சிக்னலால தடம் மாத்துற சுவிட்ச் ஐசி) போடுங்க. 4053 வகையில விஇஇ-ன்னு தனியா ஒரு மைனஸ் பின் இருக்கு. அதுக்கு −5, மேல +5, லாஜிக் கிரவுண்டு 0. லெவல் ஷிஃப்ட் ஐசிக்குள்ளேயே நடந்துடும். உங்க பல்ஸ் செலக்ட் பின்னுக்குப் போகும், அவுட்புட் +5 அல்லது −5 ரெண்டுல ஒண்ணோட ஒட்டிக்கும். லாஜிக் சப்ளை ஆடினாலும் அவுட்புட் மட்டம் ஆடாது.

ஒண்ணு மட்டும் பாத்து வாங்குங்க. பழைய சிடி4053 ஐ 5 வோல்ட்ல ஓட்டினா, ஒன்னுன்னு ஏத்துக்க 3.5 வோல்ட் கேக்கும். உங்ககிட்ட 3.3 தான் இருக்கு. மேஜையில ஓடும், ஆனா உத்தரவாதம் கிடையாது. 74எச்சிடி4053 எடுத்தா 2 வோல்ட்லயே ஏத்துக்கும். அதுல பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல 10 வோல்ட்தான் வரம்பு, சரியா விளிம்புல நிப்பீங்க. சப்ளை கூடிடாம பாத்துக்கணும்.

கம்பேரட்டரும் (ரெண்டு வோல்ட்டை ஒப்பிட்டு எது மேலன்னு சொல்ற ஐசி) இதே வேலை செய்யும். எல்எம்311 ல அவுட்புட் டிரான்சிஸ்டரோட எமிட்டர் தனி பின்னா வெளிய வருது. அதை −5 ல கட்டி, கலெக்டரை ஒரு ரெசிஸ்டரால +5 க்கு இழுத்தா முடிஞ்சுது. ஏறுற விளிம்பு அந்த ரெசிஸ்டரையும் கேபிள் கெப்பாசிட்டன்ஸையும் பொறுத்து மெதுவாகும், அது ஒண்ணுதான் குறை.

#8 மின்தடை47 எழுதியது:

சுவிட்ச்சாவி சொல்வதோடு நான் உடன்படுகிறேன். சர்க்யூட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே இதுதான். பல்ஸில் உங்களுக்கு எது முக்கியம்: எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்பது மட்டுமா? அல்லது எவ்வளவு உயரம் என்பதும் வேண்டுமா? நேரம் மட்டும் போதுமென்றால் சுவிட்ச்தான் சிறந்தது. உயரத்திலும் தகவல் இருந்தால் சுவிட்ச் அதை அழித்துவிடும், கம்பேரட்டரும் அழித்துவிடும். அப்போது ஆப்-ஆம்ப்பை விட்டால் வேறு வழியில்லை.

துடிப்பலை, உங்கள் தேவை எது?

#9 துடிப்பலை எழுதியது:

இப்போதைக்கு இரண்டு மட்டம்தான். ஆனால் அடுத்த கட்டத்தில் டைமர் பின்னுக்குப் பதிலாக டிஏசி (எண்ணை வோல்ட்டாக்கும் பகுதி) அவுட்புட்டிலிருந்து பல்ஸ் வரும். ஒவ்வொரு பல்ஸுக்கும் உயரம் மாறும்: 0, 1.1, 2.2, 3.3 என்று படிப்படியாக. ஆகவே உயரம் எனக்கு முக்கியம். ஆப்-ஆம்ப்பிலேயே தொடர்கிறேன். சுவிட்ச் யோசனையை வேறொரு போர்டுக்காகக் குறித்துவைத்துக்கொண்டேன்.

இன்னொரு சந்தேகம். டைமரில் பல்ஸைத் தலைகீழாக்க முடியும். அப்படியானால் இன்வர்ட்டிங் முறையில் (பல்ஸை மைனஸ் இன்புட் பக்கம் கொடுத்து) செய்வது எளிதா?

#10 எதிர்முனை எழுதியது:

செய்யலாம். பல்ஸுக்கு 10 கிலோ ஓம், −5 வோல்ட்டுக்கு 30 கிலோ ஓம், ஃபீட்பேக்குக்கு 30 கிலோ ஓம், பிளஸ் இன்புட் கிரவுண்டில். 0 கொடுத்தால் +5, 3.3 கொடுத்தால் −4.9. இரண்டு இன்புட்டும் எப்போதும் பூஜ்ஜியத்திலேயே நிற்பதால் இன்புட் எல்லை பற்றிய கவலை இல்லை. அது இதன் பலம்.

பலவீனம், நாய்ஸ் கெயின்: ஐசி உண்மையில் சுமக்கும் கெயின், பேண்ட்விட்தை வகுப்பது அதுதான். மைனஸ் முனையிலிருந்து பார்த்தால் 10 உம் 30 உம் பக்க இணைப்பில் 7.5 கிலோ ஓம். 1 + 30/7.5 = 5. டிஎல்072 இன் 3 மெகா ஹெர்ட்ஸை ஐந்தால் வகுத்தால் 600 கிலோ ஹெர்ட்ஸ். மூன்று சம ரெசிஸ்டர் சர்க்யூட்டில் அதுவே 1 மெகா ஹெர்ட்ஸ். சிக்னல் கெயின் இரண்டிலும் மூன்றுதான், ஆனால் வேகம் ஒன்றல்ல. துல்லியமான −5 வோல்ட் ரெஃபரன்ஸும் தனியாக உருவாக்க வேண்டும். உங்கள் இன்புட் 0 – 3.3 க்குள்தான் ஆடுகிறது, ±12 சப்ளையில் அது டிஎல்072 க்கு மிகப் பாதுகாப்பான இடம். நான் நான்-இன்வர்ட்டிங்கிலேயே இருப்பேன்.

ரெசிஸ்டர் மதிப்பை மட்டும் 20 இலிருந்து 5.1 கிலோ ஓமுக்கு இறக்குங்கள். மூன்று 20 கிலோ ஓம் பக்க இணைப்பில் 6.7 கிலோ ஓம். மைனஸ் இன்புட்டிலும் பிரெட்போர்டிலும் சேர்த்து 10 பிக்கோ பாரட் இருந்தால், 2.4 மெகா ஹெர்ட்ஸில் ஃபீட்பேக் பின்தங்கத் தொடங்கும். அது 1 மெகா ஹெர்ட்ஸுக்கு மிக அருகில். விளிம்பின் உச்சியில் ஒரு துள்ளல் தெரியும். 5.1 போட்டால் இந்தத் தொல்லை நான்கு மடங்கு தள்ளிப் போய்விடும்.

#11 துடிப்பலை எழுதியது:

டிஎல்072, மூன்று 5.1 கிலோ ஓம் ஒரு சதவீத ரெசிஸ்டர், ஐசியின் இரண்டு சப்ளை பின்னுக்கும் ஒட்டியே 0.1 மைக்ரோ பாரட். அவுட்புட் கீழே −5.0, மேலே +4.9. விளிம்பு ஒரு மைக்ரோ விநாடிக்குள் முடிகிறது, மேலே தட்டையாக நிற்கிறது. மிகவும் மகிழ்ச்சி.

ஆனால் கோஆக்ஸ் கேபிளைச் சொருகியதும் ஒவ்வொரு விளிம்பிலும் அலை நடுங்குகிறது. கேபிளை எடுத்தால் போய்விடுகிறது.

#12 சுவிட்ச்சாவி எழுதியது:

ஒரு மீட்டர் கோஆக்ஸ்னா கிட்டத்தட்ட 100 பிக்கோ பாரட். ஆப்-ஆம்ப்போட அவுட்புட் மின்தடையும் அந்த கெப்பாசிட்டன்ஸும் சேந்து ஃபீட்பேக்கைத் தாமதப்படுத்துது. அவுட்புட் பின்னுக்கும் கேபிளுக்கும் நடுவுல 100 ஓம் போடுங்க. ஃபீட்பேக் ரெசிஸ்டரை 100 ஓமுக்கு முன்னாடியே, ஐசி பின்லயே எடுக்கணும். அந்தப் பக்கம் 1 மெகா ஓம்தானே, மட்டம் குறையாது. 100 ஓமும் 100 பிக்கோ பாரட்டும் சேந்தா 10 நானோ விநாடி, உங்க விளிம்புக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல.

அந்தக் கருவியில 50 ஓம் டெர்மினேஷன் பட்டன் இருந்தா அதைத் தொடாதீங்க. 5 வோல்ட்டை 50 ஓம்ல தள்ள 100 மில்லி ஆம்பியர் வேணும், டிஎல்072 ஆல முடியாது.

அப்புறம் ப்ரோபை 10 மடங்குல வச்சுத்தான் பாக்குறீங்களா? 1 மடங்குல வச்சா ப்ரோபே இன்னொரு கேபிள் மாதிரி 100 பிக்கோ பாரட்டைக் கொண்டுவந்து தொங்கவிடும். நடுங்குறது சர்க்யூட்டா ப்ரோபான்னு தெரியாது.

#13 துடிப்பலை எழுதியது:

100 ஓம் போட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. ப்ரோப் 10 மடங்கில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அந்தக் கருவியிலிருந்து −5 / +5 வோல்ட்டில் ஒரு பதில் பல்ஸ் திரும்பி வரும். அதை 0 – 3.3 ஆக்கி ஏடிசிக்கு (வோல்ட்டை எண்ணாக்கும் பகுதிக்கு) கொடுக்க வேண்டும். இதே சர்க்யூட்டைத் திருப்பிப் போடலாமா?

#14 மின்தடை47 எழுதியது:

இந்தத் திசையில் ஆட்டம் குறைகிறது, கெயின் தேவையில்லை. மட்டத்தை மாற்றும் வேலையை மூன்று ரெசிஸ்டரே செய்துவிடும். ஒரு முனைக்கு, வரும் பல்ஸிலிருந்து 30 கிலோ ஓம், 3.3 வோல்ட்டிலிருந்து 20 கிலோ ஓம், கிரவுண்டிலிருந்து 60 கிலோ ஓம் (இரண்டு 30 ஐத் தொடராக வையுங்கள்). முனையில் வருவது இன்புட்டில் மூன்றில் ஒரு பங்கு, கூட 1.65 வோல்ட். இன்புட் −5 என்றால் முனை 0 வுக்கு 17 மில்லி வோல்ட் கீழே, +5 என்றால் 3.3 க்கு 17 மில்லி வோல்ட் மேலே. அந்த 17 மில்லி வோல்ட் ஏடிசி பின்னுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் இரண்டு ஓரத்திலும் அளவீடு சற்று முன்பே முட்டி நிற்கும். அது பொறுக்காது என்றால் 30 ஐ 33 ஆக்குங்கள்; ஆட்டம் கொஞ்சம் சுருங்கி இரு பக்கமும் இடம் கிடைக்கும், மிச்சத்தை மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம்.

அந்த முனை 10 கிலோ ஓம் மூலம் போலத் தெரியும். 10 மைக்ரோ விநாடி பல்ஸை ஏடிசி நேரே அதிலிருந்து எடுத்தால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் நிரம்ப நேரம் பத்தாமல் போகலாம். நடுவில் ஒரு பஃபர் வையுங்கள். டிஎல்072 இல் இன்னொரு பாதி சும்மா இருக்கிறதே என்று கை போகும், ஆனால் அது ±12 இல் ஓடுகிறது. ஏதாவது கோளாறானால் ஏடிசி பின்னுக்கு 10 வோல்ட்டை அனுப்பிவிடும். 3.3 வோல்ட்டிலேயே ஓடும் ரெயில்-டு-ரெயில் (சப்ளையின் இரண்டு ஓரம் வரை போகக்கூடிய) ஆப்-ஆம்ப் ஒன்றைத் தனியாக வையுங்கள். அதன் அவுட்புட்டால் 3.3 ஐத் தாண்டவே முடியாது. மைக்ரோகன்ட்ரோலருக்கு கரன்ட் இல்லாத நேரத்தில் அந்தக் கருவி பல்ஸ் அனுப்பினாலும் 30 கிலோ ஓம் தடுத்து நிற்கும், உள்ளே போகும் கரன்ட் 0.2 மில்லி ஆம்பியரைத் தாண்டாது.

அந்த டிஎல்072 இன் மிச்சப் பாதியை அப்படியே தொங்கவிடாதீர்கள். அதன் பிளஸ் இன்புட்டைக் கிரவுண்டிலும் மைனஸ் இன்புட்டை அதன் அவுட்புட்டிலும் கட்டிவிடுங்கள்.